போட்டோ போயிருச்சுண்ணே

சின்னமனூர்ல ஜெராக்ஸ் கடையும் கூடவே சின்னதா ஒரு ஸ்டுடியோவும் வச்சிருக்கேன். பாஸ்போர்ட் சைஸ், ஆதார் பிரிண்ட், லேமினேஷன், காதுகுத்து பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு எல்லாம் ஓடும். எதுக்கு வந்தாலும் நான் முதல்ல கேக்குறது போட்டோ இருக்கான்னுதான், அங்கேயே ஆரம்பிச்சிரும். போன்ல இருந்துச்சுண்ணே இப்ப காணோம், கூகுள்ல இருக்கும்னாங்க எப்படி எடுக்கிறதுன்னு தெரியல, பையன் போன மாத்துனான் எல்லாம் போயிருச்சு. இப்படியே மத்தவங்க போன நோண்டுறது எனக்கு பாதி வேலையா ஆயிருச்சு, காசு வராத பாதி.

இதுல எனக்கு நல்லா தெரிஞ்சுபோன விசயம் ஒண்ணு உண்டு. போயிருச்சுன்னு வர்ற போட்டோவுல முக்காவாசி அழிஞ்சிருக்காது, வேற ஜிமெயில்ல இருக்கும், வேற போல்டர்ல இருக்கும், வேற தேதிக்குக் கீழ கெடக்கும், இல்லன்னா வேற ஆளு போன்ல இருக்கும். ரெக்கவரி ஆப்ப இறக்குறது எல்லாத்துக்கும் கடைசி, பல நேரம் அது தேவையே படாது. ஆனா எல்லாரும் அதைத்தான் முதல்ல பண்ணிட்டு வர்றாங்க.

ஒரு சாயங்காலம் அண்ணன் தம்பி ரெண்டு பேரு வந்தாங்க. அப்பா தவறிட்டாரு, காலைல எடுக்குறோம், விடியறதுக்குள்ள போஸ்டர் ஒட்டணும்னாங்க. கையில இருந்தது அப்பாவோட வாட்ஸ்அப் டிபியை ஸ்கிரீன்ஷாட் எடுத்த ஒரு படம். அதைப் போஸ்டர் சைஸுக்கு இழுத்தா மூஞ்சி கட்டம் கட்டமா உடையும், ஊர்ல நாலு சுவத்துல அப்படி ஒட்டுனா பாக்குறவங்க என் கடையத்தான் சொல்லுவாங்க. அவரு போன கொண்டாந்திருந்தாங்க, ஆனா பேட்டர்ன் யாருக்கும் தெரியல. போன் ஒருதடவ ஆப் ஆகி ஆன் ஆயிட்டா கைரேகையும் எடுக்காது, பேட்டர்னத்தான் கேக்கும். தம்பிக்காரரு மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாரு, நான்தான் போதும் வைங்கன்னேன்.

அப்பாவுக்கு போன யாரு செட் பண்ணிக் குடுத்தான்னு கேட்டேன். அண்ணன்காரரு மக, காலேஜ் படிக்கிற புள்ளையாம். போன் போட்டா அழுதுகிட்டே சொல்லுச்சு, தாத்தா மெயிலத்தான் மாமா நான் என் பழைய போன்லயும் போட்டு வச்சிருக்கேன், கேம் ஏத்துறதுக்காகன்னு. அது போதும். அந்த போன வாங்கிட்டு வரச் சொன்னேன். கூகுள் போட்டோஸத் தொறந்து மேல வலது பக்க மூலைல இருக்குற வட்டத்தத் தொட்டா அந்த போன்ல இருக்குற எல்லா மெயிலும் வரிசையா காட்டும், அதுல தாத்தா மெயிலத் தொட்டதும் மனுசனோட மொத்தக் கேமராவும் அப்படியே வந்து இறங்குச்சு. வாழைத்தாரு, திராட்சைப் பந்தல், மோட்டார் ரூம் மீட்டர், உரக்கடை பில்லு, மறுபடியும் வாழைத்தாரு. அவரு மட்டும் எதுலயும் இல்ல, எடுக்குறவரே அவருதானே.

அப்புறம் தேடுற இடத்துல மூஞ்சி மூஞ்சியா பிரிச்சு வச்சிருக்கும்ல, அதுக்குள்ள போனேன். பேரப்புள்ளைங்க, சம்சாரம்னு தள்ளித் தள்ளி ஒரு ஓரத்துல இவரு மூஞ்சி இருந்துச்சு. அதத் தொட்டா விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் படம், அதுல ஒண்ணு வீரபாண்டி திருவிழால யாரோ இவரு போன வாங்கி இவர எடுத்தது. தோள்ல துண்டு, நெத்தில திருநீறு, பின்னாடி ராட்டினம், கொஞ்சம் சிரிச்ச மாதிரி. ஒரிஜினல் சைஸ், நாலாயிரத்துக்கு மூவாயிரம் பிக்சல். சுத்தி இருந்த கூட்டத்த வெட்டிட்டு இடுப்பு வரைக்கும் எடுத்தும் கூட பிரிண்ட் பளிச்சுன்னு வந்துச்சு. இதே படத்த அவரு யாருக்காவது வாட்ஸ்அப்ல சாதா குவாலிட்டில அனுப்பி அங்கருந்து எடுத்திருந்தா நீளப் பக்கம் சுமாரா 1600 பிக்சல்தான் மிஞ்சிருக்கும், அதுல வெட்டுனா என்ன மிச்சம் இருக்கும்.

அதனால போட்டோ காணோம்னு யாரு வந்தாலும் என் முதல் கேள்வி, உங்ககிட்ட எத்தன ஜிமெயில் இருக்கு. ஒண்ணுதாண்ணேம்பாங்க. இருக்காது. நம்ம ஊர்ல ஒவ்வொரு தடவ போன் வாங்குறப்பவும் கடைக்காரத் தம்பி புதுசா ஒரு மெயில போட்டுக் குடுத்துருவான், பேரு கூட அவனா வச்சதுதான், பாஸ்வேர்டு அந்த போன் டப்பா மேல பேனால எழுதியிருக்கும், டப்பா பரண்ல கெடக்கும். போட்டோ எல்லாம் அந்த மெயில்ல ஏறியிருக்கும், இவங்க புது மெயில்ல தேடிட்டு காணோம்பாங்க. டப்பாவ எடுங்க. டப்பா இல்லன்னா, கூகுள் லாகின் பக்கத்துல மெயில மறந்துட்டேன்னு ஒரு வழி இருக்கு, போன் நம்பரும் அந்த மெயில்ல குடுத்த பேரும் போட்டா ஓடிபி அனுப்பி அந்த நம்பர்ல இருக்குற மெயில காட்டும். பாஸ்வேர்டு மறந்திருந்தா ரெக்கவரிய புது போன்ல, வெளியூர்ல உக்காந்து பண்ணாதீங்க. அந்த மெயில முன்னாடி எந்த போன்ல எந்த இடத்துல யூஸ் பண்ணீங்களோ அங்க வச்சுப் பண்ணுங்க, கூகுள் இதையெல்லாம் பாக்குது, தெரிஞ்ச போன்னா சீக்கிரம் நம்பும். பழைய சிம்ம ரீசார்ஜ் பண்ணாம விட்டு நம்பர் வேற ஆளுக்குப் போயிருந்தாதான் சிக்கல், அப்ப ஓடிபி அந்தப் புண்ணியவானுக்குப் போகும்.

சரி மெயில கண்டுபிடிச்சாச்சு, உள்ள போனா படம் ஒரு மாசத்தோட நிக்கும், அதுக்கப்புறம் ஒண்ணுமே இருக்காது. இதுவும் அடிக்கடி பாக்குறேன். பேக்கப், அதாவது படத்த தானா கூகுள்ல ஏத்துறது, ஆன்லதான் இருக்கும், ஆனா கீழ சின்னதா வைபைக்காகக் காத்திருக்குன்னு எழுதியிருக்கும். வைபை இருந்தாதான் ஏத்தும்னு செட்டிங், வீட்ல வைபை கெடையாது, எல்லாரும் மொபைல் டேட்டாதான், அப்ப எந்தக் காலத்துல ஏறும். வருசக்கணக்கா காத்துக்கிட்டே இருக்கு, இவங்க கூகுள்ல இருக்குன்னு தெம்பா இருக்காங்க. பேக்கப் செட்டிங்ல மொபைல் டேட்டான்னு ஒண்ணு இருக்கும், அதத் தொறந்து விடுங்க, தினம் ராத்திரி மிச்சமாகிப் போற டேட்டாவுல அது பாட்டுக்கு ஏறிக்கும்.

இன்னொண்ணு இடம் நெறஞ்சு நிக்கிறது. 2021 ஜூன் 1 வரைக்கும் கொஞ்சம் சுருக்குன குவாலிட்டில எவ்வளவு வேணாலும் இலவசமா ஏத்திக்கலாம்னு கூகுள் விட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் ஏத்துறது எல்லாம் 15 ஜிபி கணக்குல சேரும், அந்த 15 ஜிபிக்குள்ளதான் ஜிமெயிலும் டிரைவும், ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்ப அதுலதான். நெறஞ்சா பேக்கப் நின்னுரும், மெயில் கூட வராது. உடனே நம்மாளுங்க என்ன பண்றாங்க, கூகுள் போட்டோஸுக்குள்ள போய் படத்த அழிக்க ஆரம்பிக்கிறாங்க, போன்லதான் இருக்கேங்குற தைரியத்துல. அங்கதான் மாட்டிக்கிறாங்க. கூகுள் போட்டோஸும் போனும் ஒரே டேங்குல வச்ச ரெண்டு பைப்பு மாதிரி, அந்த ஆப்புக்குள்ள அழிச்சா போன்ல இருக்குறதும் சேந்து போகும். ஐபோன்ல ஐகிளவுட் போட்டோஸும் இதே கததான், ஒரு எடத்துல அழிச்சா எல்லா எடத்துலயும் போகும்.

அதே ஆப்புல போன்ல இடத்தக் காலி பண்ணுன்னு ஒரு பட்டன் இருக்கு, அது வேற. அது மேல ஏறி முடிஞ்ச படத்த மட்டும் போன்லருந்து எடுக்கும், கூகுள்ல அப்படியே இருக்கும். அத அழுத்திட்டு கேலரிய தொறந்து பாத்துட்டு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வர்றவங்க உண்டு, நெட்ட ஆன் பண்ணி கூகுள் போட்டோஸ தொறந்து காமிச்சா அப்பாடான்னு ஒரு டீ வாங்கித் தருவாங்க. எளிதா கெடைக்குற ஒரே சம்பளம் அதுதான்.

நெசமாவே அழிச்சிருந்தா குப்பைத் தொட்டிய பாருங்க. கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன படம் குப்பைல 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். சாம்சங் கேலரிக்குன்னு தனியா ஒரு குப்பை இருக்கு, அதுலயும் 30 நாள். ஐபோன்ல சமீபத்துல அழிச்சதுன்னு ஒரு ஆல்பம், அதுவும் 30 நாள். ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி குப்பை, ஒண்ணுல இல்லன்னா இன்னொண்ணுல இருக்கும். இடம் பத்தலன்னு குப்பைய காலி பண்றதுக்கு முன்னாடி ஒருதடவ மேலருந்து கீழ ஓட்டிப் பாத்திருங்க.

குப்பைலயும் இல்லன்னா கூகுள் போட்டோஸ்ல ஆர்கைவ்னு படத்த ஓரமா ஒதுக்கி வைக்கிற எடம் இருக்கு, அதப் பாருங்க, கை தவறி அதுல தள்ளி விட்டிருந்தா மெயின் பக்கத்துல காட்டாது, தேடுனா வரும். லாக் போட்ட போல்டர்னு ஒண்ணு இருக்கு, ஆதார் பான்கார்டெல்லாம் போட்டு வைப்பாங்க, அதுக்குத் தனியா பேக்கப் ஆன் பண்ணலன்னா அது அந்த போன்ல மட்டும்தான் இருக்கும், ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணுனாலோ டேட்டா கிளியர் பண்ணுனாலோ போச்சு. ஒவ்வொரு கம்பெனி போன்லயும் மறைச்சு வைக்க ஒரு பெட்டி தனியா குடுத்திருப்பான், அந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டு மறந்துர்றவங்கதான் ஜாஸ்தி. புருசன் பொண்டாட்டி சேந்து வந்திருந்தா இந்தப் பெட்டிய நான் தொறக்குறதில்ல, நீங்களே பாத்துக்கங்கன்னு போன கையில குடுத்துருவேன்.

தேதி மாறிக் கெடக்குற படம்தான் நெறையா நேரத்தத் திங்கும். வாட்ஸ்அப்ல வந்த படத்துல எடுத்த தேதி, எடுத்த இடம் எல்லாத்தையும் வாட்ஸ்அப் உருவி எறிஞ்சிரும். ஆனா பைல் பேர்ல ஒரு துப்பு இருக்கும். ஐஎம்ஜி போட்டு ஒரு கோடு, அப்புறம் 20190512 மாதிரி எட்டு நம்பர், அப்புறம் டபிள்யூஏ போட்டு ஒரு வரிசை நம்பர். அந்த எட்டு நம்பர்தான் வருசம் மாசம் தேதி, அதாவது படம் உங்களுக்கு வந்த தேதி. கல்யாணம் 2019 மே 12-னு தெரிஞ்சா பைல் மேனேஜர்ல 20190512-னு தேடுங்க, மறுநாள் தேதியையும் சேத்துத் தேடுங்க, ஏன்னா கல்யாணத்தன்னைக்கு எவன் அனுப்புவான், மறுநாள்தான் பொறுமையா உக்காந்து குரூப்ல போடுவாங்க. நீங்க அனுப்புன படம் சென்ட்னு தனி போல்டர்ல இருக்கும். இன்னொண்ணு, புது ஆண்ட்ராய்டு போன்ல வாட்ஸ்அப் போல்டர் பழைய எடத்துல இல்ல, ஆண்ட்ராய்டு, அதுக்குள்ள மீடியா, அதுக்குள்ள வாட்ஸ்அப்னு போகணும். இந்த போல்டர கூகுள் போட்டோஸ் தானா பேக்கப் எடுக்காது, நீங்க போய் அந்த போல்டருக்கு ஆன் பண்ணணும். நெறையா வீட்ல புள்ளைங்க படம் பூராவும் வாட்ஸ்அப்ல வந்ததுதான், கேமரால எடுத்தது கம்மி, அப்ப பேக்கப் இருந்தும் என்ன பிரயோசனம்.

உங்ககிட்ட இல்லன்னா அனுப்புனவங்ககிட்ட கேளுங்க, குரூப்ல இருந்த அத்தனை பேர்கிட்டயும் கேளுங்க. பழைய மெசேஜ்ல படம் மங்கலா தெரிஞ்சு டவுன்லோட் ஆகாம நிக்கும், அனுப்புனவரு திருப்பி அனுப்புனாதான் உண்டு. எல்லா குடும்பத்துலயும் ஒரு சித்தி இருப்பாங்க, எதையும் அழிக்கவே மாட்டாங்க, போன் ஹேங் ஆகி நிக்கும் ஆனா 2017-லருந்து எல்லாம் இருக்கும். அவங்களப் புடிங்க. அனுப்புறப்ப டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க, இருக்குற குவாலிட்டியாவது கொறையாம வரும்.

இனி மெமரி கார்டு. இதுலதான் ரெக்கவரிக்கு நெசமாவே வேலை இருக்கு. ஒரு காதுகுத்துக்கு சொந்தக்காரப் பையனே கேமராவ வச்சு எடுத்திருக்கான், கம்ப்யூட்டர்ல போட்டா பார்மட் பண்ணவான்னு கேக்குது. நல்லவேளை இல்லன்னு அழுத்திட்டு அப்படியே கழட்டிக் கொண்டாந்தான். கார்டு ஓரத்துல ஒரு சின்ன நெம்பு இருக்கும்ல, லாக், முதல்ல அத இறக்கி விட்டேன், எழுத முடியாது படிக்க மட்டும்தான். அப்புறம் கார்டு மொத்தத்தையும் அப்படியே ஒரே பைலா கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வச்சுட்டு அந்தக் காப்பி மேல போட்டோரெக்க ஓட விட்டேன். இலவச சாப்ட்வேர்தான், கறுப்பு ஸ்கிரீன்ல எழுத்தா வரும், பாக்க பயமா இருக்கும், மவுஸ் கூட வேலை செய்யாது, ஆனா காசு வாங்குற பல சாப்ட்வேர விட ஒழுங்கா எடுக்கும். அது போல்டர், பைல் பேரெல்லாம் பாக்காது, ஜேபெக் படம் எங்க ஆரம்பிக்குதுங்குற அடையாளத்தத் தேடி நேரா அள்ளும். அதனால பேரெல்லாம் போயி எப்-னு ஆரம்பிக்குற நம்பராத்தான் வரும், படத்துக்குள்ள இருக்குற தேதி மட்டும் இருக்கும், அத வச்சு அடுக்கிக்கலாம். போட்டோ அனேகமா எல்லாம் வந்துருச்சு. வீடியோதான் துண்டு துண்டா கெடந்ததால பாதி ஓடல, தாய்மாமன் சீர் வர்ற வீடியோ அதுல ஒண்ணு, மாமனுக்கு என் மேல இன்னும் கோவம்.

கார்டு விசயத்துல ஒண்ணே ஒண்ணு, அழிஞ்சது தெரிஞ்ச உடனே கழட்டிருங்க. மேல ஒரு படம் எடுத்தாலும் பழைய படம் இருந்த எடத்துல அது போய் உக்காந்துரும். எடுத்த படத்தையும் அதே கார்டுல சேவ் பண்ணாதீங்க. போன்ல போட்ட கார்ட இன்டர்னல் ஸ்டோரேஜா மாத்தி வச்சிருந்தா வேற எதுலயும் படிக்காது, பூட்டோட சாவி அந்த போன்லயே இருக்கு.

போனுக்குள்ளயே இருந்து, குப்பைலருந்தும் போன படத்துக்கு இந்த வித்தை செல்லாது. ஆண்ட்ராய்டு 10-ஓட வந்த போன்லருந்து எல்லாத்துலயும் ஸ்டோரேஜ் பூட்டுப் போட்டுத்தான் எழுதுறான், பைல அழிச்சா அதோட சாவியும் போயிரும், மிச்சம் கெடக்குறது வெறும் குப்பை. ப்ளே ஸ்டோர்ல ஆயிரக்கணக்குல போட்டோ கெடச்சிருச்சுன்னு காட்டுற ஆப்பெல்லாம் போன்ல ஏற்கனவே இருக்குற படத்தையும் கேலரி வச்சிருக்குற குட்டி தம்ப்நெயிலையும்தான் எண்ணிக் காட்டுது. பெருசா பாக்கணும்னா காசு கட்டுங்கும், கட்டுனா அதே குட்டிப் படம்தான். இதுல எல்லா பைலையும் பாக்க பர்மிஷன் வேற கேக்கும், ஆதார் பான் எல்லாத்தையும் அது கையில குடுத்த மாதிரி. இந்த ஆப்புக்கு காசு கட்டிட்டு வந்த ஒரு டீச்சரம்மாவுக்கு அவங்க மகளோட போன்ல அதே படம் நல்லா இருந்துச்சு, மக கேட்டா, என்கிட்ட கேக்கவே இல்லையேம்மான்னா.

டிஸ்ப்ளே உடைஞ்ச போனுக்கு பயப்படாதீங்க. படம் தெரிஞ்சு டச் மட்டும் வேலை செய்யலன்னா ஓடிஜி கேபிள் ஒண்ணு வாங்கி சாதா மவுஸ சொருகுங்க, ஸ்கிரீன்ல அம்புக்குறி வரும், அத வச்சே பேட்டர்ன் போட்டு உள்ள போயிரலாம். ஒண்ணுமே தெரியலன்னா தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட தற்காலிகமா வேற டிஸ்ப்ளே மாட்டி அன்லாக் பண்ணிக் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கங்க. சர்வீஸுக்குக் குடுக்குறப்ப டேட்டா வேணும்னு வாய்ல சொல்லாம ஜாப் ஷீட்ல எழுத வைங்க. ஒரு அக்கா போன சார்ஜ் ஏறலன்னு ஒரு சர்வீஸ் சென்டர்ல குடுத்தாங்க, போர்டையே மாத்திட்டு ரெடின்னு குடுத்துட்டாங்க, பழைய போர்டு திரும்ப வரல, அதுலதான் எல்லாம் இருந்துச்சு. தண்ணில விழுந்த போன சார்ஜ்ல போடாதீங்க, அரிசிக்குள்ளயும் புதைக்காதீங்க, ஆப்பிள் கம்பெனியே அரிசி வேணாம்னு சொல்லிருச்சு.

ஐபோன் காரங்க துபாய், சவுதின்னு இருந்து லீவுக்கு வர்றவங்கதான் எங்க ஊர்ல. ஐகிளவுட் இலவசமா 5 ஜிபி, அது வந்த வேகத்துல நெறஞ்சிரும். காசு கட்டி ஏத்தி வச்சிருக்கவங்களுக்கு வேற ஒரு குழப்பம், ஸ்டோரேஜ் மிச்சப்படுத்துற ஆப்ஷன் ஆன்ல இருந்தா போன்ல சின்ன காப்பிதான் இருக்கும், ஒரிஜினல் ஐகிளவுட்ல. கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கு இழுத்தா பாதி படம் வராது. போன் கெட்டுப் போச்சுன்னு நெனைக்கிறாங்க. பிரவுசர்ல ஐகிளவுட் டாட் காம் போய் எடுங்க, ஒரிஜினலா வரும்.

ரெண்டு வருசமா எட்டியே பாக்காத பழைய ஜிமெயில் இருந்தா இன்னைக்கே ஒருதடவ லாகின் பண்ணிருங்க. ரெண்டு வருசம் சும்மா கெடக்குற அக்கவுண்ட கூகுள் அழிக்கலாம்னு ரூல் இருக்கு, 2023 டிசம்பர்லருந்து ஆரம்பிச்சுட்டாங்க. எறந்து போனவங்க மெயிலும் அதுல அடங்கும். மொத்தமா இறக்கணும்னா கூகுள் டேக்அவுட்னு இருக்கு, ஜிப் பைலா குடுக்கும், ராத்திரி போட்டுட்டுப் படுத்தா காலைல லிங்க் வந்திருக்கும், பெருசா இருந்தா இன்னும் நேரமாகும். ஜிப்பத் தொறந்தா ஒவ்வொரு படத்துக்கும் கூடவே ஒரு ஜேசன் பைல் கெடக்கும், தேவையில்லாததுன்னு அழிச்சிராதீங்க, தேதி இடமெல்லாம் அதுலயும் எழுதியிருக்கும். இறக்குனத ஒரு ஹார்டு டிஸ்க்ல போட்டு பீரோல வைங்க, வசதி இருந்தா இன்னொண்ணு தம்பி வீட்ல.

கடைக்கு வர்றதா இருந்தா சார்ஜர எடுத்துட்டு வாங்க, எல்லாரும் பத்து சதவீதத்தோடதான் வர்றீங்க. ஓடிபி வர்ற சிம் யாரு கையில இருக்கோ அவங்களயும் கூட்டிட்டு வாங்க, மதியம் சாப்பாட்டு நேரத்துல வராதீங்க.